ரசத்துக்குத் தட்டைத் திருப்ப வேண்டும்

சங்குமுனைத் துறைமுகத்தை ஒட்டிய தனியார் கிட்டங்கி ஒன்றில், உரிமை கேட்டு யாரும் வராமல் ஏழு வருஷம் கிடந்த சரக்குகளை ஏலம் விட்டார்கள். சுவரில் தொங்கிய பட்டியலின் பதினான்காவது வரியில் ‘இசைத்தட்டு – 112’ என்று எழுதியிருந்ததையும், அந்த வரியின் முதல் மூன்று எழுத்தை மட்டும் கரையான் தின்று பசியாறிவிட்டு மீதியை ஊருக்கு விட்டுவைத்திருந்ததையும் சொல்லாமல், கனி மெஸ்ஸில் சோறு பாட ஆரம்பித்த கதையைச் சொல்ல முடியாது.

சுயம்புக்கனி அன்றைக்கு ஏலத்துக்குப் போனது தட்டு வாங்கத்தான். மெஸ் ஆரம்பித்து ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது, இருந்த எவர்சில்வர் தட்டுகள் மதியப் பந்திக்குப் போதவில்லை. தட்டு நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கக் கண்டாள், போட்டிக்குக் கேட்க ஆளில்லை, பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால், கன்னங்கரேல் என்று, விளிம்பில்லாமல், மேலெல்லாம் மயிரிழை வரி ஓடி, நட்டநடுவில் ஒரு ஓட்டையோடு நூற்றுப் பன்னிரண்டும் அவளைப் பார்த்தன. அவை பாட்டுத் தட்டுகள் என்று கூடி நின்ற நாலு பேருக்குத் தெரியும், கனிக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் தட்டு என்று வாங்கியாயிற்று. தட்டு என்று வாங்கியதைத் தட்டாக நடத்தாமல் விட்டால் ஏலக்காரன் தன் தலையில் கட்டிவிட்டான் என்று ஆகிவிடும், கனி அதற்கு இடம் கொடுக்கிற ஆள் இல்லை. வாழையிலையை வட்டமாக நறுக்கி மேலே போட்டாள், ஓட்டை மறைந்தது. உறை அட்டைகளை விசிறிக்கு ஒதுக்கினாள். நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தின் வெளியூர் எழுத்து மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒன்றிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை எண் போட்டாள். மறுநாள் மதியம் பந்தி.

முதல் பந்தியில் உட்கார்ந்தவர் கிரேன் ஓட்டுகிற மிக்கேல். சாம்பாரைப் பிசைந்து முதல் வாய் வைத்து மென்றதும் அவருடைய தாடைக்குள் யாரோ கொட்டு அடித்தார்கள். இரண்டாவது வாய்க்குக் கூடவே ஒரு குழல் சேர்ந்துகொண்டது.

"மைனி, சாம்பார்ல யாரோ கொட்டு அடிக்காவ."

"அது முருங்கைக்கா. சக்கையைத் துப்புங்க" என்றாள் கனி, அடுத்த இலைக்குப் போய்க்கொண்டே.

அதற்குள் பந்தி முழுவதும் ஒவ்வொரு தாடையிலும் ஒவ்வொரு கச்சேரி ஓடத் தொடங்கியிருந்தது. ஒருவர் வாயில் ஓடுவது அடுத்தவருக்குக் கேட்கவில்லை. மெல்லும்போது ஓடும், மெல்லாவிட்டால் நிற்கும். சங்குமுனைக்காரர்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளந்து நிற்கிறவர்கள் இல்லை, வாயைப் பிளந்தால் பாட்டு நின்றுவிடும் என்பதையும் அன்றைக்கே கண்டுகொண்டார்கள். இரண்டே வாரத்தில் முறைகள் வகுக்கப்பட்டன. அவசரமாக அள்ளிப் போடுகிறவனுக்குப் பாட்டு கீச்சுக் கீச்சென்று ஓடுகிறது, பல்லில்லாத பழைய கப்பல் சமையல்காரர் அந்தோணிக்கு ஒரே பாட்டு இரண்டு வெள்ளிக்கிழமை இழுக்கிறது, ஆகவே நிதானம் வேண்டும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் கரகரப்பு வருகிறது, ஆகவே அரிசி கழுவின தண்ணீர்தான். சாம்பார் முடியும்போது பாட்டும் முடிந்துவிடுகிறது, ஆகவே ரசத்துக்குத் தட்டைத் திருப்ப வேண்டும். "ரசம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் பந்தி மொத்தமும் இலையை இரண்டு கையாலும் சோற்றோடு தூக்கிப் பிடிக்கும், பரிமாறுகிறவர்கள் தட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே போவார்கள், இலைகள் இறங்கும். வெளியூரிலிருந்து வந்த லாரிக்காரர்கள் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இனி, கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஆறுமுகநயினாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கனியின் வீட்டுக்காரர்.

நயினார் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் வருகிற கடிதங்களுக்கெல்லாம் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்துகிறவர். கடிதத்தில் இருப்பது நல்லதா கெட்டதா, கப்பல் கரைக்கு வருகிறதா கடலடிக்குப் போய்விட்டதா என்பதெல்லாம் அடுத்த மேஜைக்காரர் பாடு. வீட்டிலும் அதே கதைதான். கனி எதை வைத்தாலும் இலையில் ஒரு பருக்கை மிஞ்சாமல் சாப்பிடுவார், எப்படி இருக்கு என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். கத்திரிக்காய்க்கும் பரவாயில்லை, கறிக்கும் பரவாயில்லை, தலை தீபாவளிக்கும் பரவாயில்லை, கூழுக்கும் பரவாயில்லை. பத்தொன்பது வருஷம் இப்படிப் போய், ஒரு நாள் காலையில் இரண்டரை மணி நேரம் அடுப்படியில் நின்று ஆப்பம் சுட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்த கனியிடம், அவர் ஏழு ஆப்பம் சாப்பிட்டுவிட்டு அதையே சொன்னார்.

கனி அடுப்பை அணைத்தாள்.

"பத்தொன்பது வருஷமாக் கிணத்துல கல்லைப் போடுதேன். ஒரு நாளாவது டப்புன்னு சத்தம் வந்துச்சா? என்னைக்கு நீங்க ஒரு வாய்ச் சோத்தைப் பத்தி உருப்படியா ஒரு வார்த்தை சொல்லுதியளோ, அன்னைக்கு வாரேன்."

கோபித்துக்கொண்ட பெண்கள் அம்மா வீட்டுக்குப் போவார்கள். கனிக்கு அம்மா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஆகவே துறைமுக வாசலில் ஒரு இடம் பிடித்து மெஸ் ஆரம்பித்துவிட்டாள். நயினாருக்கோ வேறு கைப்பக்குவம் தொண்டையில் இறங்காது. மறுநாளே டிபன் கேரியர் இல்லாமல் வந்து, வாடிக்கையாளராக வரிசையில் நின்று, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவளும் வாடிக்கையாளருக்குப் போடுகிற மாதிரியே போட்டாள், ஒரு கரண்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு நாளும் இலையை மடிக்கிற நேரத்தில் அவள் ஒரு நொடி அங்கே நிற்பாள். ஒவ்வொரு நாளும் அவர் தொண்டையைச் செருமிவிட்டுக் கைகழுவப் போவார்.

மனுஷருக்கு நாக்கில் ருசி இல்லையா என்றால், அதெல்லாம் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நேற்று நன்றாயில்லையா என்று கேட்பாள், நன்றாயில்லை என்று சொன்னால் சோறு போட்டவளைப் பழித்த பாவம் சேரும், இரண்டுக்கும் நடுவில் ஆபத்தில்லாமல் ஒதுங்க இருந்த ஒரே இடம் அந்த ஒரு சொல்தான். ஒதுங்கினவர் அங்கேயே குடியிருந்துவிட்டார். இப்போது வெற்று வீட்டில் தனியாகச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டு, அவள் வர வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லாமல், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரியாமல் கிடந்தார்.

தட்டுகள் வந்த நாலாம் நாள். நயினாருக்குப் பதினொன்றாம் எண் தட்டு விழுந்தது. எதிரில் மிக்கேல்.

"அண்ணாச்சி, உங்களுக்கு என்ன ஓடுது?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. என்ன பதில் வரும் என்று ஊருக்கே தெரியும்.

நயினார் கொஞ்ச நேரம் மென்றார். "ஒரு ஆளு கம்பிக் கருவியை வச்சுக்கிட்டு அழுதாரு. ஆனா இது முதநாள் கருவாட்டுக் குழம்பு அழுகை இல்ல பாத்துக்கோ, ரெண்டாம் நாள் குழம்பு. முதநாள் குழம்பு சும்மா காந்தும், ஏன் காந்துதுன்னு அதுக்கே தெரியாது. ரெண்டாம் நாள் சுண்டி, எண்ணெய் பிரிஞ்சு, அழுது முடிச்சிட்டு நிதானமா உக்காந்து, என்ன நடந்துச்சுன்னு நம்மகிட்ட சொல்லும். இது அந்தப் பக்குவம்" என்றார்.

மிக்கேல் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. நயினார் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை வந்ததை யாரும் கேட்டதில்லை, அவரே கேட்டதில்லை. பிறகு யோசித்தபோது காரணம் அவருக்குப் புரிந்தது. பாட்டைப் பாடினவர் சங்குமுனையில் இல்லை. எதைச் சொன்னாலும் அவர் அடுப்பை அணைக்கப் போவதில்லை.

அன்றிலிருந்து மனுஷருக்கு மடை திறந்துவிட்டது. எழுபதாம் தட்டில் ஒரு நூறு பேர் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "பெரிய வீட்டுத் திவசச் சமையல். முக்கால் மணி நேரமாப் பாத்திரம் உருளுத சத்தமும் வாசமும்தான் வருது, ஒண்ணும் இலைக்கு வரல, எந்திரிச்சிப் போயிரலாமான்னு இருக்கையில பதினெட்டுக் கறியும் ஒண்ணாச் சேர்ந்து வந்து விழுது" என்றார். இருபத்திரண்டாம் தட்டில் ஊதுகுழல்காரர் ஒருவர் ஊதினது சாம்பார் வைக்க ஆரம்பித்துப் பாதியில் மனசு மாறிப் புளிக்குழம்பாக்கின கதையாம், எந்த இடத்தில் மாறியது என்று கண்டுபிடிக்கவே முடியாதாம், இரண்டு ருசியும் இருக்குமாம். முப்பத்திரண்டாம் தட்டு, மிளகாய் வற்றலை வறுக்கும்போது ஜன்னலை யாரோ வெளியிலிருந்து சாத்திவிட்ட மாதிரி. நாற்பத்தொன்றில் ஒரு அம்மாள் உச்சத்தில் போய் அழுகிறாள், கண்ணீர் நிஜம், துக்கம் பொய், வெங்காயம் உரிக்கிறாள். உளுந்தங்கஞ்சியில் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் இருக்கிற சும்மாவுக்கும் ஒரு ருசி உண்டல்லவா, ஐம்பத்தேழாம் தட்டுக்காரர்கள் அந்தச் சும்மாவில் மட்டும் தாளம் போடுகிறார்கள். நம்மூர் வித்வான் ஒருவரும் எப்படியோ அந்தப் பெட்டிக்குள் அகப்பட்டிருந்தார், அவருடைய தட்டைப் பற்றி நயினார் சொன்னது: "நெய்யை உருக்குதாரு, உருக்குதாரு, உருக்கிக்கிட்டே இருக்காரு. ஊத்த மாட்டேங்காரு. வாசத்துலயே வயிறு ரொம்பிட்டு."

மிக்கேல் இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்து, தினம் வாசலில் கரும்பலகையில் ‘இன்றைய தட்டுகள்’ என்று போட்டு நயினார் சொன்னதைக் கீழே எழுதினார். அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? ரத்தக் கொதிப்புக்காரர்களிடம் வைத்தியர் உப்பையும் முப்பத்திரண்டாம் தட்டையும் நிறுத்தச் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்களை வீட்டில் பஜ்ஜி கொடுத்து அனுப்பாமல் கனி மெஸ்ஸுக்குக் கூட்டிவந்து, எழுபதாம் தட்டில் பதினெட்டுக் கறியும் விழுகிறவரை மாப்பிள்ளைப் பையன் பொறுமையாக மெல்லுகிறானா என்று பார்த்தார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை பெரிய சிக்கல் வந்தது. பதினொன்றாம் தட்டு கருவாட்டுக் குழம்பு என்று பலகையிலேயே எழுதியிருப்பதால் அது அசைவம், விரதக்காரர்கள் தொடலாமா என்று பெருமாள் கோயில் கமிட்டி கூடியது. இரண்டு மணி நேரம் வாதாடி, இலையில் இருப்பது சைவம் என்றால் தாடையில் ஓடுவதும் சைவமே, ஆனால் மென்றுகொண்டே தலையாட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட பங்குத் தந்தையும் தவக்காலத்துக்கு அதுவே போதும் என்று சொல்லிவிட்டார்.

இத்தனை அமர்க்களத்திலும் ஒரே ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. சோற்றைப் பற்றி யாரும் பேசுவது நின்றுபோயிருந்தது.

முன்பெல்லாம் "மைனி, இன்னைக்கு அவியல் அருமை" என்று ஒருத்தராவது சொல்வார். இப்போது "மைனி, இருபத்திரண்டு காலியா?" என்றுதான் கேட்டார்கள். கனி பகல் முழுவதும் புகையில் நின்று சமைத்ததெல்லாம் பாட்டைச் சுழல வைக்கிற எண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, கரண்டியைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாள், அவ்வளவுதான். ஊரே தன் புருஷன் வாய்ப் பேச்சைக் கொண்டாடுவதும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் அடுப்படியை விட்டு வெளியே வருவது பரிமாற மட்டும், பலகையைப் படித்ததே இல்லை. பாட்டுக்கெல்லாம் வாய் கிழிகிறது, பொண்டாட்டி சோற்றுக்கு மட்டும் வாயில் கொழுக்கட்டையா என்பது அவள் கணக்கு. இலை மடிக்கிற நேரத்தில் ஒரு நொடி நிற்பதையும் நிறுத்திவிட்டாள். நயினாருக்கு, தட்டு வந்ததில் தனக்குப் பேச்சு வந்து பெண்டாட்டி போய்விடுவாள்போல் இருந்தது.

மூன்றாம் மாதம் மெட்ராஸிலிருந்து கிளமென்ட் என்று ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் மேற்கத்திய சங்கீதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷமாக இசைத்தட்டு சேர்க்கிறவர். சங்குமுனையில் அபூர்வமான தட்டுகள் நூற்றுக்கு மேல் கிடப்பதாக யாரோ சொல்லக் கேட்டு, கையில் ஒரு சிறிய தட்டுச் சுழற்றும் பெட்டியோடு ரயிலேறி வந்தவர், மெஸ்ஸுக்குள் காலை வைத்ததும் "ரசம்!" என்ற குரலும் நாற்பது இலைகள் எழும்புவதும் நாற்பது தட்டுகள் புரள்வதும் கண்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயையோ, என்னங்க பண்றீங்க! இது என்ன தட்டுன்னு தெரியுமா? உலகமே கையெடுத்துக் கும்பிடுற தட்டுங்க! இதுல சாம்பாரா? கழுதைக்குத் தெரியுமாங்க கற்பூர வாசனை?"

"கற்பூரம் திங்கிற சாமானா சார்?" என்று மிக்கேல் மரியாதையாகக் கேட்டார். "உக்காருங்க, மொதல்ல சாப்பிடுங்க."

கிளமென்ட் சாப்பிட மறுத்தார். எழுபதாம் தட்டைக் கழுவித் துடைத்துத் தன் பெட்டியில் வைத்து முள்ளை இறக்கினார். பெட்டியிலிருந்து வந்தது பல பேர் சேர்ந்து மெல்லுகிற சத்தமும், ஒரு நீண்ட ஏப்பமும், "அப்பளம் இந்தப் பக்கம்" என்ற மிக்கேலின் குரலும்தான். இன்னும் ஐந்து தட்டு போட்டுப் பார்த்தார், ஐந்திலும் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு பசியும் வந்துவிட்டது. கடைசியில் பதினொன்றாம் தட்டில் இலை போட்டு உட்கார்ந்து ஒரு வாய் மென்றவர், அடுத்த அரை மணி நேரம் மோர் வரைக்கும் மென்றுவிட்டு, கை காய உட்கார்ந்திருந்தார். பாட்டு போகவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று அவரும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆனால் வாத்தியார் புத்தி போகுமா? மிக்கேலின் நோட்டை வாங்கிப் பார்த்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார், திருத்த ஆரம்பித்தார், தாங்க முடியாமல், அடுத்த பந்திக்கு ரசக் கரண்டியோடு வெளியே வந்த கனியை நிறுத்தி முறையிட்டார். நயினார் கடைசி பெஞ்சில் இருபத்திரண்டாம் தட்டின் முதல் பக்கத்தில் இருந்தார். கிளமென்டின் குரல் கேட்டதும் மெல்லுவது நின்றது, பாட்டும் நின்றது.

"அம்மா, இதைக் கேளுங்க. பதினொன்னு. பருத்திக் காட்டுல பாடுபட்ட ஏழைங்களோட சோகம் இது. இதுக்கு உங்க ஆள் எழுதியிருக்கார், ரெண்டாம் நாள் கருவாட்டுக் குழம்பாம்! எண்ணெய் பிரிஞ்சிருக்காம்! இதோ, தொண்ணூறு. ஒரு ஆள் தனியா பியானோ வாசிக்கிறார், அவ்வளவு தூய்மை, அவ்வளவு மௌனம். இதுக்கு, ‘கல்யாணமான ரெண்டாம் வருஷம், மழைக்கு விறகு நனைஞ்சு அடுப்புப் பத்தாத அன்னைக்கு, தண்ணிச்சோறும் சின்ன வெங்காயமும். கடிக்கும்போது மட்டும் சத்தம்’. யாருக்குக் கல்யாணம்? என்ன விறகு? இது ரசனையாங்க?"

கனி கரண்டியிலிருந்த ரசம் சொட்டியது.

"வேற என்ன எழுதிருக்கு?" என்றாள்.

"இதுவா, அறுபத்தாறு. ‘ஆடி அமாவாசைக்கு வச்ச தடியங்காய்க் கூட்டு, மூணாம் வருஷம், தேங்காயை அரைக்காமத் துருவிப் போட்டது.’ இதைப் பாருங்க, நூத்தி நாலு. மேதை ஒருத்தர் சாகறதுக்கு முன்னாடி கடைசியா பாடின தட்டு. ‘முருங்கைக்காயைப் புளி கொதிக்கதுக்கு முன்னால போட்டாச்சு. காய் குழைஞ்சிட்டு, புளி பச்சையா நிக்கு. போட்டவளுக்குக் கை இங்க இருக்கு, மனசு இங்க இல்ல. அந்தக் குழம்பைக் குறை சொல்லக் கூடாது, எந்திரிச்சிப் போய் பக்கத்துல நிக்கணும். நான் நிக்கல.’ இப்படியாங்க ஒரு தட்டைப் பத்தி எழுதறது?"

கனிக்கு அந்தக் குழம்பு எது என்று தெரிந்தது. அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்த காலையில் வைத்த குழம்பு. அன்றைக்கும் அவர் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைத்தான் சொன்னார். நயினார் தலையைக் குனிந்துகொண்டார். தன் வாயால் வந்ததெல்லாம் பாட்டைப் பற்றி என்றுதான் அந்த நிமிஷம் வரை அவரும் நினைத்திருந்தார். இத்தனை நாளும் ஊர் முன்னால் தன் வீட்டு அடுப்படியைத்தான் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கனி கடைசி பெஞ்சுக்கு வந்தாள். அவர் இலையை ஒரு கையால் தூக்கி, அடியிலிருந்த இருபத்திரண்டாம் தட்டை உருவி மிக்கேலிடம் நீட்டிவிட்டு, இலையை வெறும் மேஜையில் வைத்தாள். சோற்றில் குழி பண்ணி ரசத்தை ஊற்றினாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"பாட்டு இல்ல. இப்பச் சொல்லுங்க."

நாற்பது தாடையும் நின்றது. நயினார் பிசைந்து ஒரு வாய் வைத்தார், உள்ளே யாரும் அழவில்லை, ஊதவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம், அந்த ஒற்றைச் சொல் ஓடிவந்து நாக்கு நுனியில் நின்றது. "அருமைன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்று மிக்கேல் காதருகில் முணுமுணுத்தார், மெஸ்ஸில் எல்லாருக்கும் கேட்டது. சொன்னால் இன்றைக்கே வீடு திரும்பிவிடுவாள் என்று நயினாருக்குத் தெரிந்தது. இன்னொரு வாய் வைத்தார். விழுங்கினார்.

"இது ரசமில்ல" என்றார்.

மிக்கேல் கண்ணை மூடிக்கொண்டார்.

"தட்டு வந்த நாள்லேருந்து நீ ரசத்தை ஏமாத்துத. மிளகைத் தட்டிப் போடல, கடைத்தூளு. நுரை கட்டையில இறக்கணும், நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுத் தளதளன்னு கொதிக்க விட்டிருக்க. எவன் நாக்குக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சுட்ட. நான் தினம் வந்து திங்கேன்லா?"

கனியின் முகம் முதலில் வெளுத்தது. உண்மைதான். கடைத்தூள்தான். எண்பது பேர் தினம் சாப்பிட்டு மூன்று மாதமாக ஒரு ஜீவன் கண்டுபிடிக்கவில்லை, அவர்கள் கண்டுபிடிக்காதது அவளை அறுத்துக்கொண்டே இருந்தது. பிறகு முகம் சிவந்தது.

"பத்தொன்பது வருஷம் வாயைத் தொறக்காம இருந்துட்டு, தொறந்ததும் குத்தமா?"

"குத்தம் இருக்கு, சொல்லுதேன். தலை தீபாவளிக்கு அதிரசத்துல பாகு முத்திட்டு. பல்லு ஆடிச்சு."

"பல்லு ஆடுன ஆளு எதுக்கு ஒம்பது தின்னிய?"

"ஆடுனாலும் விட மனசு வரல!"

கனி எழுந்தாள். ரசக் கரண்டியை மிக்கேல் கையில் திணித்தாள். "பந்தியைப் பாத்துக்கோங்க. இவுகளுக்கு நான் பதில் சொல்லிட்டு வாரேன்" என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கை கழுவக்கூட நேரமில்லாமல் நயினார் பின்னாலேயே இறங்கினார். மெஸ்ஸில் கிரேன்காரர் ரசம் ஊற்றுவதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, எல்லாரும் இலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள், கிளமென்டும் சிவப்புப் பேனாவோடு வந்து நின்றார்.

துறைமுக ரோட்டில் அவர்கள் இரண்டாம் வருஷத்துச் சண்டை போட்டார்கள். நனைந்த விறகு யார் வாங்கியது என்பதில் ஐஸ் பாக்டரி வரை ஆயிற்று. மீன் ஏலக் கூடத்துக்கு முன்னால் தடியங்காய்க் கூட்டு வந்தது. அந்தக் கூட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போன அன்றைக்கு வாய் ருசி போய்விடும் என்று நாலு மணி வரைக்கும் ஆபீஸில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று நயினார் சொன்னதும், கனி நடுரோட்டில் நின்றுவிட்டாள், பின்னால் வந்த மீன்பாடி வண்டியும் நின்றது.

"அதை அன்னைக்குச் சொல்லிருந்தா நாக்கு வெந்தா போயிருக்கும்?"

"சொன்னா, அப்போ நேத்து வச்சது நல்லாயில்லியான்னு கேப்ப."

"கேப்பேன்! கேக்காம இருப்பனா? நீங்க பதில் சொல்லணும், நான் திரும்பக் கேக்கணும், அதுக்குத்தானே ஒரு வீட்டுல கெடக்கது!"

சொல்லிவிட்டு அவள் அழுதாள், வெங்காயம் எதுவும் இல்லாமல். நயினாருக்கு ரசக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை, சட்டையிலேயே துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார். மீன்பாடி வண்டிக்காரர் மணியடிக்காமல் காத்திருந்தார். அப்புறம் கனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாலாம் வருஷத்துச் சுண்டைக்காயில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டாள், இருவரும் நடந்தார்கள். ஐந்தாம் வருஷம் பள்ளிக்கூடச் சுவர் நெடுகப் போயிற்று. ஆறாம் வருஷத்தில் ஒரு கோழிக் குழம்புக்கு இரண்டு பேரும் மாறி மாறிக் குரலை உயர்த்தியதில் மாடிகளில் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நயினாருக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை, இத்தனை வருஷம் உள்ளே கிடந்ததெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது, வர வர இன்னும் இருந்தது.

வீட்டு வாசல் வந்ததும் பழக்கதோஷத்தில் அவர் படியோடு நின்று, அவள் திரும்பி மெஸ்ஸுக்குப் போய்விடுவாளோ என்று பயந்து, பேச்சை நிறுத்தினார். கனி பூட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்ன வாயை மூடிட்டிய? கதவைத் தொறங்க. நாம இன்னும் ஏழாம் வருஷத்துலதான் நிக்கோம்."